அருக்காணி வண்டியின் பிரேக் விளக்கு

அருக்காணியின் காரில் அந்தச் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதிலிருந்து, டெல்லி சரோஜினி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ்காரர்கள் அத்தனை பேரும் அவளுக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிட்டார்கள். காருக்கு நாலு சக்கரம் என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாதவர்கள்கூடச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் நானும் சொன்னேன். தினமும் காலையில் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஆபீஸ் போகிறவள் நான். எனக்கு உயிர் மேல் ஆசை இருக்காதா?

நான் சொல்வது வண்டிக்குப் பின்னால் எரியும் விளக்கு அல்ல. ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே, வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டமாதிரி ஒரு பொடி விளக்கு. ஹேண்ட்பிரேக்கைத் தூக்கினால் அது எரியும், இறக்கினால் அணையும். பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும். தசரா விடுமுறை முடிந்த திங்கட்கிழமை அருக்காணி வண்டியை எடுத்தபோது, ஹேண்ட்பிரேக்கை இறக்கிய பிறகும் அது எரிந்துகொண்டே இருந்தது. ஆப்பிரிக்கா அவென்யூவில் எரிந்தது, சாணக்யபுரி ரவுண்டானாக்களில் எரிந்தது, ஆபீஸ் வாசலில் இறங்கும்போதும் எரிந்தது. நான் வழி முழுக்க முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். அவள் ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். வண்டி நன்றாகத்தான் நின்றது.

அருக்காணி யார் என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஈரோட்டுக்குப் பக்கத்துக்காரி. இப்போது ஐம்பதைத் தாண்டியாகிவிட்டது. கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவள். புருஷன் அய்யாசாமி எங்கள் அமைச்சகத்தில் கிளார்க், பரமசாது. ஒரு நாள் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கப் போனவர் அப்படியே மேஜைமேல் சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பையன் இளஞ்செழியன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான்.

காரியங்கள் முடிந்ததும் ஊரிலிருந்து வந்திருந்த கொழுந்தன்மார்கள் அவளையும் பையனையும் கூட்டிக்கொண்டு போக ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் ஆபீஸுக்கு வந்து நின்றாள். வேலையில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுப்பது சர்க்கார் வழக்கம். அதிகாரி ஹிந்திக்காரர். இவளுக்கு அப்போது ஹிந்தி வராது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"எனக்கு யாரும் கருணை காட்ட வேண்டாமுங்க. வேலை குடுங்க, செய்யறேன்" என்றாள் அருக்காணி.

நான் முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் ஹிந்தியில் சொன்னேன். வேலை கிடைத்தது. அவளை நான் அறிந்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் அவள் சொன்ன எதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சீக்கிரமே ஹிந்தியில் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஃபைல் தூக்குகிற வேலையில் சேர்ந்தாள். டீ போட்டுக் கொண்டுவரச் சொன்ன செக்ஷன் ஆபீசரிடம், என் நியமன உத்தரவில் டீ என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லையே என்று கேட்டாள். அந்த மனிதர் அதற்கப்புறம் கேன்டீனுக்குத் தானே நடந்துபோய்க் குடித்தார், உடம்புக்கு நல்லதுதான். பையன் படிக்கிற மேஜையிலேயே உட்கார்ந்து துறைத்தேர்வுக்குப் படித்தாள், டைப்பிங் கற்றாள், கிளார்க் ஆனாள். இன்றைக்கு மனுக்கள் வரும் பிரிவில் அவள் இல்லாமல் ஒரு வேலையும் நகராது.

கார் வாங்கியது பையன் காலேஜில் இருக்கும்போது. அதுவரை அவளை எங்கேயாவது யாராவது அழைத்துப் போக வேண்டியிருந்தது. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போக வேண்டுமா, யார் வீட்டு வண்டியில் இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கல்யாணம், சீமந்தம் என்றால் யார் கிளம்புகிறார்களோ அவர்களோடு கிளம்பி, அவர்கள் திரும்பும்போது திரும்ப வேண்டும். பாயசம் பாதியில் இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் சும்மா ஏற்றிக்கொண்டு போவதில்லை. தனியாக இருக்கிற பொம்பளை எப்படி இருக்க வேண்டும் என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஒரு நாள் அப்படி ஒரு வண்டியிலிருந்து மோதி பாக் பக்கத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தாள். மறுநாள் டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தாள்.

அங்கே கற்றுக்கொடுத்தவர் தன் பக்கத்திலிருந்த பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, சாந்தி பாதை காலியாகக் கிடக்கிறது, தூதரகங்களின் மரங்களைத் தவிர இடிக்க ஒன்றுமில்லை. அப்போதும் எடுக்கவில்லை. அருக்காணி வண்டியை ஓரமாக நிறுத்தி, "அண்ணா, உங்கள் காலை எடுக்கும்வரை நான் வண்டியை எடுக்கமாட்டேன்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். அவர் காலை எடுத்தார். இவளும் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

அப்புறம் அந்தச் சின்ன வெள்ளைக் கார் வந்தது. அவள் சம்பளம், அவள் பேர். நினைத்தால் ஐ.என்.ஏ. மார்க்கெட், நினைத்தால் கோயில், ஒன்றும் நினைக்காவிட்டால் சும்மா இந்தியா கேட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு. எங்கே போகிறாய் என்று கேட்க யாருமில்லை. அவளுக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று நகை இல்லை, வீடு இல்லை. குவார்ட்டர்ஸ் சர்க்காருடையது. இந்த வண்டியும் அதில் அவள் போகிற வழியும் மட்டும்தான் அவளுடையவை.

இப்போது அந்த வண்டிக்குத்தான் ஆபத்து வந்தது.

இளஞ்செழியன் டெல்லியை ஒட்டிய குர்காவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நல்ல பையன், அதை நான் மறுக்கவில்லை. போன வருஷம் பிரியதர்ஷினியோடு கல்யாணம் ஆனது. கல்யாணம் ஆனதும் சில பையன்களுக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற ஞானம் திடீரென்று வரும். பார்த்துக்கொள்வது என்றால் அம்மாவை ஒரே இடத்தில் உட்காரவைப்பது என்று இவன் நினைத்துக்கொண்டான். வண்டி பழசாகிவிட்டது, டெல்லி டிராஃபிக் மோசம், காற்று மோசம், விற்றுவிடு என்று தீபாவளிக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது கையில் காரணம் கிடைத்துவிட்டது. பிரேக் விளக்கே எரிகிறது, இனி என்ன பேச்சு?

சர்வீஸ் சென்டருக்கும் போனோம். அங்கே கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் காட்டவில்லை. கோளாறு இல்லையென்றால் விளக்கு ஏன் எரிகிறது என்று இவள் கேட்டாள். டை கட்டிய பிள்ளை மரியாதையாகத்தான் பதில் சொன்னது. முதலில் சென்சாரை மாற்றிப் பார்ப்போம், போகாவிட்டால் சிலிண்டரை மாற்றுவோம், அதற்கும் போகாவிட்டால் உள்ளேயிருக்கும் பெரிய பெட்டியை மாற்றுவோம் என்றது. பிரேக் பிடிக்கிறதா என்று கேட்டாள். அருமையாகப் பிடிக்கிறது மேடம் என்றது. "அச்சா. பிடிக்கிற பிரேக்கை எதுக்கு மாத்தறது?" என்று கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே மகன் போன் செய்தான். இவள் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். வண்டியை விற்றுவிடலாம், உனக்கு எங்கே போக வேண்டுமோ எனக்குச் சொல்லு, நான் இங்கிருந்தே கேப் புக் பண்ணுகிறேன், வண்டி வாசலுக்கு வரும், உனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்றான். எவ்வளவு அன்பாகச் சொன்னான் தெரியுமா. அருக்காணியின் முகம் கறுத்துப்போயிற்று. போனை மூடிய பிறகு என்னைப் பார்த்தாள்.

"கேட்டீங்களாக்கா? எங்க போறேன்னு அவங்கிட்டச் சொல்லோணுமாம். நான் பெத்த பையன்கிட்ட நான் பர்மிஷன் கேட்டுட்டுப் போவோணும்."

நான் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எனக்கே நான் சொல்லப்போவது பிடிக்காமல் மூடிக்கொண்டேன்.

மறுநாள் அம்மாவும் பிள்ளையும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் கரோல் பாக்கிலிருந்து ஒரு கார் தரகரைக் கூட்டிவருவான். அதற்குள் இவள் விளக்கை அணைத்துக் காட்டினால் வண்டி இவளிடமே இருக்கலாம். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். விளக்கு அணையாது என்ற நம்பிக்கையில் அவன் ஒப்புக்கொண்டான். இவளும் பேச்சை வளர்க்காமல் சரி என்றாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று கேட்டேன். விளக்கு பொய் சொல்கிறது, பொய் என்றால் எங்கேயோ ஆரம்பித்திருக்கும், போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள்.

அவள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மனு வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து முதலிலேயே பதறமாட்டார்கள். யார் அனுப்பியது, எந்த வழியாக வந்தது என்று பார்ப்பார்கள். வந்த வழியே பின்னோக்கிப் போய்க் கையெழுத்துப் போட்ட ஆளிடம் நிற்பார்கள். பாதி மனுக்கள் அங்கேயே செத்துவிடும், அப்படி ஒரு ஆளே இருக்கமாட்டான். இத்தனை வருஷம் காகிதத்துக்குச் செய்ததை இந்த விளக்குக்கும் செய்வது என்று முடிவு பண்ணிவிட்டாள்.

சனிக்கிழமை காலை, பால் காய்ச்சிக் காபி குடித்த கையோடு கீழே இறங்கினோம். நவம்பர் மாத டெல்லி, புகைமூட்டத்தில் எதிர் பிளாக் மங்கலாகத்தான் தெரிந்தது. இருவரும் முகத்தில் மாஸ்க் போட்டிருந்தோம். மாடி வீட்டு சுப்பு சார், ரிடையரான அண்டர் செக்ரட்டரி, பால்கனியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். என்ன நடக்கிறது என்று தெரிந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். பிரேக் சமாசாரத்தில் பெண்கள் கைவைக்கக் கூடாது என்று மேலேயிருந்து அபிப்பிராயம் சொன்னார். அருக்காணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சுப்பு சாரிடம் கார் இல்லை, லைசென்சும் இல்லை என்பதை நான் மட்டும் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

முதலில் பின்னாலிருக்கும் ஆளில்லாத சந்தில் வண்டியை ஓட்டிப் பார்த்தாள். மெதுவாகப் போய் மிதித்தாள், வேகமாகப் போய் மிதித்தாள். ஒவ்வொரு தடவையும் நேராக நின்றது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பின்சக்கரங்களின் நடுவில் கையை வைத்துப் பார்த்தாள். ஹேண்ட்பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கே சுடுமாம். சுடவில்லை. பிரேக் நிஜமாகவே கெட்டிருந்தால் அன்றைக்கே தள்ளிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விட்டிருப்பேன், வீம்புக்கு உயிரை விட எனக்கு என்ன தலையெழுத்து என்று சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்தாள். நாம் யாராவது அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறோமா? இவள் முந்தின நாளே படித்து வைத்திருந்தாள். இந்த விளக்குக்குத் தகவல் அனுப்பக்கூடியவர்கள் மூன்றே பேர். ஒன்று ஆயில் டப்பா, இரண்டு ஹேண்ட்பிரேக், மூன்று சர்வீஸ் சென்டரில் சொன்ன அந்தப் பெரிய கம்ப்யூட்டர் பெட்டி. மூன்றாவது ஆள் அனுப்பினால் கூடவே ஒரு மஞ்சள் விளக்கும் எரியும். மஞ்சள் எரியவில்லை. ஆகவே அவனைக் கழித்துவிட்டாள்.

பானெட்டைத் திறந்தோம். பிரேக் ஆயில் டப்பாவில் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் ஆயில் நின்றது. ஆனாலும் அவள் விடவில்லை. ஆயில் இருந்தும் இல்லை என்று டப்பா பொய் சொல்லலாமே. மூடியிலிருந்து போகும் ஒயரின் சொருகியைக் கழற்றினாள். இப்போது அந்த ஆளின் வாய் கட்டியாகிவிட்டது. உள்ளே பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டப்பாவும் குற்றவாளி இல்லை. சொருகியைப் பழையபடி மாட்டினாள்.

மிச்சம் ஹேண்ட்பிரேக். இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியின் திருகுகளைக் கழற்றித் தூக்கினாள். அடியில் லீவரின் கால் பக்கத்தில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு பொத்தான். லீவர் இறங்கி அதை அமுக்கினால் விளக்கு அணையும், லீவர் தூக்கினால் பொத்தான் வெளியே வந்து விளக்கு எரியும். அவ்வளவுதான் கணக்கு. அவள் பொத்தானிலிருந்து போகும் ஒயரைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்துவிட்டது.

நான் கையைத் தட்டினேன். வேலை முடிந்தது, மேலே போய்த் தோசை வார்க்கலாம், நாளைக்கு அவன் வந்தால் காட்டிவிடலாம் என்றேன். அருக்காணி என்னைப் பார்த்த பார்வையில் தோசை மறந்துபோயிற்று.

"ஒயரைப் புடுங்கி உட்டா எந்த விளக்கும் அணையும்க்கா. நாளைக்கு நெசமாவே பிரேக்குல கோளாறு வந்தா அப்ப என்ன பண்றது? என்ற வண்டி பொய் சொல்லவும் கூடாது, உண்மையச் சொல்லாம வாய மூடிட்டு இருக்கவும் கூடாது. ஏன் எரியுதுன்னு எனக்குத் தெரிஞ்சாவோணும்."

ஒயரை மறுபடி மாட்டினாள். விளக்கு எரிந்தது. பொத்தானை விரலால் அமுக்கினாள், அணைந்தது. விட்டாள், எரிந்தது. பொத்தானும் நல்ல பொத்தான். லீவர்தான் அதன்மேல் முழுசாக வந்து உட்காரவில்லை. ஒரு நூல் அளவு மேலேயே நின்றுகொண்டிருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. பிரேக் பிடிக்கும் அளவுக்கு மேலே இல்லை, விளக்கு அணையும் அளவுக்குக் கீழேயும் இல்லை. அடியில் ஏதோ தடுக்கிறது என்றாள். லீவரை நன்றாகத் தூக்கிவிட்டு, என் போன் வெளிச்சத்தில் குனிந்து, இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவினாள். வெகுநேரம் துழாவினாள். மாஸ்க்குக்குள் முனகிக்கொண்டே எதையோ நெம்பி வெளியே எடுத்தாள்.

ஒரு கொட்டைப் பாக்கு. அதில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

லீவரை இறக்கினாள். டக் என்று ஒரு சத்தம் வந்தது. விளக்கு அணைந்துவிட்டது. தூக்கினாள், எரிந்தது. இறக்கினாள், அணைந்தது. நான் சிரிக்க ஆரம்பித்தேன். சர்வீஸ் சென்டர் கம்ப்யூட்டரில் கொட்டைப் பாக்குக்கு எங்கே போய் நம்பர் தேடுவார்கள் பாவம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அருக்காணி சிரிக்கவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து, ஸ்டீயரிங், கியர், ஹேண்ட்பிரேக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றி இறக்குவது அவள் வழக்கம். வண்டி வாங்கிய வருஷத்திலிருந்து அவள்தான் செய்தாள். வைத்துக்கொண்ட குங்குமத்தையும் அவள் எடுத்தவள் இல்லை. அய்யாசாமி போன பிறகும் நெற்றியில் பொட்டோடுதான் ஆபீஸ் வந்தாள். யாரும் வாயைத் திறக்கத் துணியவில்லை. இந்த வருஷம் பூஜைக்கு மகனும் மருமகளும் வந்தார்கள், கூடவே சம்பந்தியம்மாவும் வந்தாள். கிண்ணத்தில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு அருக்காணி கீழே இறங்கும்போது, சின்னஞ்சிறுசுகள் கையால் செய்தால் வண்டிக்கு நல்லது, நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள் என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரமம் என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். எனக்கு அன்றைக்கே பற்றிக்கொண்டு வந்தது. இவள் மட்டும், பையனின் புதுக் குடித்தனம், பண்டிகை நாளில் எதற்கு மனஸ்தாபம் என்று கிண்ணத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவனுக்கு என்ன தெரியும்? டெல்லியில் பிறந்து வளர்ந்தவன். சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்துக் கண்ட இடத்தில் அப்பினான். வேகம் காட்டும் கண்ணாடியில்கூட நடுவில் பெரிய பொட்டாக வைத்தான். வெற்றிலை பாக்கை ஹேண்ட்பிரேக் லீவர்மேலேயே சாய்த்து வைத்து, அப்படியே லீவரைத் தூக்கி இறக்கி எலுமிச்சம்பழத்தின்மேல் வண்டியை ஏற்றினான். வெற்றிலை வெளியே நின்றது, பாக்கு சந்துக்குள் போய்விட்டது. கண்ணாடியில் பொட்டு இருந்ததால் அடியில் விளக்கு எரிந்தது யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை இவள் பொட்டைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது.

"ஒரே ஒரு நாள் ஒதுங்கி நின்னேன்" என்றாள் அருக்காணி. "அதுக்கு என்ற வண்டியவே கேக்கறாங்க பாருங்க."

அவள் குரல் நடுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்து நான் தோளில் கைவைத்தேன். தோள் கல்லாக இருந்தது. அது கோபம். பிளாஸ்டிக் மூடியை எடுத்துத் திருகுகளை ஒவ்வொன்றாக மாட்டி முடுக்கினாள். சுப்பு சார் மேலேயிருந்து, என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, பேப்பர் படியுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இளஞ்செழியன் மெட்ரோவில் வந்து இறங்கினான். வண்டியை அவனே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பதாகத் திட்டம். தரகரும் தன் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். அருக்காணி வண்டியைத் திறந்து சாவியைப் போட்டு ஹேண்ட்பிரேக்கைத் தூக்கி இறக்கிக் காட்டினாள். எரிந்தது, அணைந்தது. பாக்கை அவன் கையில் வைத்தாள். எங்கேயிருந்து எடுத்தாள் என்று சொன்னாள், யார் வைத்தது என்று சொல்லவில்லை. அவனுக்கு அது புரிய நேரமாகவில்லை. காது வரை சிவந்துபோனான்.

நான் நினைத்தேன், கதை இங்கே முடிந்தது, இனி காபி கொடுத்து அனுப்ப வேண்டியதுதான் என்று. அவன் பாக்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, இருந்தாலும் வித்துடலாம்மா என்றான். விளக்கு சரியாகிவிட்டது, சந்தோஷம், ஆனாலும் விற்றுவிடலாம். தரகர் இதுதான் சமயம் என்று டயரை உதைத்துப் பார்த்தார்.

அருக்காணி அவனையே பார்த்தாள். அவளுக்கு அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் தெளிவாகியிருக்க வேண்டும். எனக்கும் ஆயிற்று. பாக்குக்கும் விளக்குக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அது இல்லாவிட்டால் இன்னொன்றைக் காட்டுவான். இவள் கண் பார்வை என்பான், இடுப்பு வலி என்பான், பனிமூட்டம் என்பான். சாவியை வாங்கும்வரை ஏதாவது ஒன்று எரிந்துகொண்டேதான் இருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை நன்றாக நாலு கேட்டிருப்பேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"வண்டில குத்தமில்ல. அப்பறம் எதுக்கு விக்கோணும், சொல்லு" என்றாள்.

"அம்மா, ப்ளீஸ். ஜித் மத் கரோ." அடம் பிடிக்காதே என்று ஹிந்தியில் கெஞ்சினான்.

"தமிழ்ல சொல்லு."

அவன் கொஞ்ச நேரம் வார்த்தை தேடினான். அவனுக்குத் தமிழ் வீட்டுக்குள் பேசுகிற அளவுதான் வரும். கண் கலங்கிவிட்டது. "எனக்கு பயமா இருக்கும்மா. அப்பா காலைல நல்லாத்தான போனாங்க. ஸ்கூல்லேர்ந்து வந்தா இல்ல. நீ வண்டி எடுத்துட்டுப் போறப்பெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வருது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதற்கு யார் என்ன சொல்வார்கள்? எந்த அம்மாவும் இங்கே சாவியைக் கொடுத்துவிடுவாள். நான் கொடுத்திருப்பேன். அருக்காணி அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்த கையாலேயே சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குந்தான் சாமி பயம். நீ மழைலயும் பனிலயும் குர்காவ் ரோட்டுல பைக்குல போறயே, ஒவ்வொரு நாளும் எனக்கு வயித்துல நெருப்புத்தான். ஒரு நாளாச்சும் உன்ற சாவியக் குடுன்னு கேட்டனா?"

அவன் சட்டைப் பையிலிருந்து பாக்கை எடுத்து விரலால் உருட்டினான்.

"உன்ற பயத்த நீ வெச்சுக்க. என்ற பயத்த நான் வெச்சுக்கறேன். அதுக்காவ ஒருத்தர் சாவிய ஒருத்தர் புடுங்க வேண்டாம்."

பிறகு தரகர் பக்கம் திரும்பி, அண்ணா, வண்டி விற்பதற்கில்லை, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக உங்களை அலைய வைத்துவிட்டோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சுத்தமான ஹிந்தியில் மரியாதையாகச் சொன்னாள். அவர் மகனைப் பார்த்தார். மகன் தலையை ஆட்டினான். ஸ்கூட்டர் கிளம்பிப் போய்விட்டது. மேலே சுப்பு சார் நாற்காலியை உள்ளே இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அவனை மெட்ரோவில் விட்டுவிடுவதாகச் சொன்னாள். நான் பையை எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினேன். இளஞ்செழியன் பழக்கத்தில் நேரே டிரைவர் சீட்டுக் கதவுக்குப் போனான். அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள். நகரவில்லை. அவன் ஒரு நிமிஷம் நின்றான். அப்புறம் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிப் போய், மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.